எடுத்து வருவதெல்லாம் மீட்பு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங் பற்றிய கட்டுரையை ஆவலோடுதான் படிக்க ஆரம்பித்தேன். 'கடலடியில் கிடந்து எப்படியும் துருப்பிடித்து அழியப்போகிற பொருளை ஒரு டைவர் எடுத்து வந்தால் அது திருட்டு அல்ல, மீட்பு' என்று கட்டுரையாளர் போகிற போக்கில் எழுதியிருந்த வரி வந்ததும் அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. பல வருடங்களாக மூழ்கிய கப்பல்களைப் பார்க்கக் கடலுக்குள் இறங்குபவன், புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உப்புத் தண்ணீரில் ஊறிய இரும்பு, காற்றுப் பட்ட பிறகுதான் வேகமாக அழியும். உள்ளே இறங்கிய உப்பை வெளியேற்ற மாதக்கணக்கில், சில பொருட்களுக்கு வருடக்கணக்கில், முறையாக ஊறவைக்க வேண்டும். இதை எந்த டைவர் வீட்டில் செய்வார்? நண்பர் ஒருவரின் ஷோகேஸில் ஒரு பீரங்கிக் குண்டைப் பார்த்தேன். கொண்டுவந்தபோது முழு உருண்டையாக இருந்ததாம். நான் பார்த்தபோது வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து, செம்மண் நிறத்தில் நீர் கசிந்து, கீழே விரித்திருந்த துணி முழுக்கத் துருக்கறை. எந்தக் கப்பலுடையது, கப்பலில் எந்தப் பக்கம் கிடந்தது என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. பொருளும் போயிற்று, அது சொல்லியிருக்க வேண்டிய கதையும் போயிற்று. இதையா உங்கள் கட்டுரையாளர் மீட்பு என்கிறார்?

முறையான மீட்பு என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1545இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலை 1982இல் மேலே தூக்கினார்கள். மரம் காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும் என்பதால் முதலில் தண்ணீரும் பிறகு மெழுகு போன்ற ஒரு கரைசலுமாக 2013 வரை தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கப்பலைத் தேடிக் கண்டுபிடித்ததிலும் அகழ்ந்ததிலும் பெரும்பங்கு சம்பளம் வாங்காத டைவர்களுடையது. கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் செங்கடலில் மூழ்கிய 'திசில்கோர்ம்' என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலின் சரக்கறையில் மோட்டார் சைக்கிள்கள் இன்னமும் நிற்கின்றன. ஆளாளுக்கு ஒரு பாகம் என்று கழற்றிப் போனதில் பலவும் எலும்புக்கூடாகிவிட்டன. டைவர்களை ஏற்றிவரும் படகுகள் கப்பலின் மேலேயே கயிற்றைக் கட்டி இழுத்ததில் சில இடங்களில் தகடுகள் பிய்ந்து போயின. 'கிடந்து அழிகிறதுதானே' என்ற பேச்சு எதில் போய் முடியும் என்பதற்கு இந்தோனேசியாவை ஒட்டிய ஜாவா கடலைப் பாருங்கள். 1942 போரில் அங்கே மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்களை 2002இல் டைவர்கள் கண்டுபிடித்தார்கள். 2016இல் மறுபடி போய்ப் பார்த்தபோது இரண்டு கப்பல்கள் முழுதாகவே காணோம். கடல்தரையில் பள்ளம்தான் மிச்சம். நூற்றுக்கணக்கான மாலுமிகளின் கல்லறையைப் பழைய இரும்புக்காக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை, நூறு வருடமாவது நீருக்குள் கிடந்தவற்றைத்தான் காக்கிறது. போர்க்காலக் கப்பல்கள் பலவும் அந்த வயதை எட்டவில்லை. அதுவரை அவற்றுக்கு நம் மனச்சாட்சியைவிட்டால் வேறு காவல் பெரிதாக இல்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் இதழ் இப்படி எழுதுகிறது.

மறுபக்கம், அதிகாரிகள் மீதும் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. நான் அடிக்கடி இறங்கும் கப்பல் ஒன்றில் பித்தளை ஜன்னல் வளையம் ஒன்று இருந்தது. ஒருமுறை போனபோது அதைக் காணோம். உளி பட்ட தழும்புகள், போல்ட் துளைகளைச் சுற்றிப் புதிதாகப் பளபளக்கும் உலோகம். படமெடுத்துச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். 'நீங்கள் அங்கே எதற்குப் போனீர்கள்?' என்பதுதான் முதல் கேள்வி. படங்களை யாரும் கையில்கூட வாங்கவில்லை. எந்தச் சேதமும் செய்யாமல் பார்த்துவிட்டு வருகிறவர்களை வரவேற்கச் சொல்கிறது அதே யுனெஸ்கோ உடன்படிக்கை. எங்களையெல்லாம் திருடர் வரிசையில் நிறுத்தினால், நாளைக்கு ஒரு டைவர் எதையாவது கண்டால் யாரிடம் போய்ச் சொல்வார்? அந்தச் சந்தேகத்துக்கு நீங்களும் தீனி போடலாமா?

முன்பு ஒருமுறை, கப்பலிலிருந்து எடுத்த பீங்கான் தட்டோடு சிரிக்கும் டைவரின் படத்தை அட்டையில் போட்டிருந்தீர்கள். அப்போதும் வருத்தப்பட்டு எழுதினேன். அந்தக் கடிதம் இதழில் வரவும் இல்லை, எனக்குப் பதிலும் வரவில்லை.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இனி டைவிங் பற்றி எது வந்தாலும், எதையும் எடுக்க வேண்டாம், கண்டதைப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள் என்று இரண்டு வரி சேருங்கள். இடமில்லாமல் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், பீரங்கிக் குண்டைப் பற்றி எழுதியதை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன், ஸ்கூபா பயிற்றுநர்