அத்தைக்காகப் பேச ஒருவர்

அன்புள்ள மகளுக்கு,

நீ வேலை பார்க்கும் இங்கிலாந்தில் இருப்பதுபோல, அத்தைக்காகப் பேச வெளியாள் ஒருவர் நம் நாகர்கோவிலில் கிடைப்பாரா என்று கேட்டிருந்தாய். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு குழறுவதால், முதியோர் இல்லத்தில் அவரைக் கேட்காமலேயே மாடி அறைக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் கேட்டால், எல்லாம் அவருடைய நன்மைக்குத்தான் என்கிறார் மேலாளர்.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, தன் பராமரிப்பு குறித்த முடிவுகளில் பங்கெடுக்க மிகவும் சிரமப்படுபவருக்குத் தகுந்த துணை இல்லையென்றால், எத்தரப்பையும் சாராத ஒருவரை உள்ளாட்சியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும், சம்பளத்துக்குப் பராமரிப்பவரை அந்தத் துணையாகக் கருத முடியாது என்றும் எழுதியிருந்தாய். பின்னதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் பணம் வாங்குபவருக்கு மட்டுமல்ல, கட்டுபவருக்கும் வாய் கட்டுப்பட்டுத்தான் இருக்கிறது மக்களே. "அப்படியானால் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை எந்தக் குடும்பத்துக்கும் வரும்.

இங்கே 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டத்தில் பராமரிப்பு அலுவலர் என்று ஒருவர் உண்டு. மூத்தவர் விரும்பினால் தீர்ப்பாயத்தில் அவர் சார்பில் நிற்பார். அது பெரும்பாலும் பிள்ளைகளும் உறவினரும் கவனிக்காத வழக்குகளுக்கானது. அறை மாற்றத்துக்கு அங்கே மனு எழுதிப் பயனில்லை. மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற உதவி எண்ணில் வழிகாட்டல் கிடைக்கும். ஆனால் நேரில் வந்து கேட்க ஆள் வேண்டுமென்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுவதே பொருத்தம் என்று நினைக்கிறேன். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவச சட்ட உதவி தர அங்கே வருமானம் பார்ப்பதில்லை. சட்டத் தன்னார்வத் தொண்டர்களும் இருக்கிறார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் எண்ணம் எனக்கு இல்லை. அத்தை சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, தன் கருத்தைக் கலக்காமல் எழுதிக்கொடுத்து, இல்லத்திடமிருந்து எழுத்தில் பதில் வாங்கித் தருபவர் போதும்.

அது யார் என்பதை அத்தைதான் சொல்ல வேண்டும். தக்கலைப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த டீச்சரையே அவர் விரும்பினாலும் எனக்குச் சம்மதம். அந்தக் குழறல் பழகியவர்களுக்கே புரியும்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் அழைக்கும்போது, போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் வராந்தாவுக்குப் போய்விடுகிறேன். ஆமாம், இல்லை என்று தலையசைத்தால் போதும் என்ற அளவில் சின்னச் சின்னக் கேள்விகளாகக் கேள். மாடி அறை பிடித்திருக்கிறதா என்பதை முதலில் கேள். பிடித்திருக்கிறது என்றால் நாம் மனு எதுவும் எழுத வேண்டாம்.

அன்புடன்,
அப்பா