வாக்கியத்தை உடையுங்கள்: நாளிதழ் ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற மாதம் மலாய் அறிக்கையிலிருந்து தமிழாக்கித் தாங்கள் வெளியிட்ட நீர்த்தடை அறிவிப்பைப் பற்றியதே இம்மடல். பராமரிப்புப் பணியில் தொடங்கி, அதை அறிவித்தவரின் பட்டம் பதவிகளைக் கடந்து, ஜெலுத்தோங், குளுகோர், பாயான் பாரு எனப் பினாங்கின் ஊர்களை அடுக்கிக்கொண்டே போய், "ஆகிய பகுதிகளைத் தவிர்த்து ஏனைய இடங்களில் நீர் விநியோகம் தடைபடாது என்று அவர் கூறினார்" என முடிந்த அந்த ஒற்றை வாக்கியம் தங்களுக்கு நினைவிருக்கும்.

குளுகோரில் எங்கள் அடுக்குமாடியில் வசிக்கும் மூதாட்டி ஒருவர் அதை முழுவதும் படித்தார். வாக்கியத்தின் இறுதிக்கு வந்தபோது அவர் மனத்தில் எஞ்சியது 'தடைபடாது' என்பது மட்டுமே. ஆகவே ஒரு வாளி நீரும் பிடித்து வைக்கவில்லை. மறுநாள் குழாய் வறண்டது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் கணவரைத் துடைத்துவிடவும் நீரின்றி, அந்த அம்மையார் தண்ணீர் லாரியின் முன் வாளியுடன் வரிசையில் நின்றார். மலாய் நாளிதழ் படிக்கும் அண்டை வீட்டார் முந்தைய இரவே தொட்டியை நிரப்பியிருந்தனர்.

காரணம் தாங்கள் அறியாததன்று. மலாயில் மறுப்பு வினைக்கு முன்பே வந்துவிடும்; 'தவிர' எனப் பொருள்படும் சொல்லும் பட்டியலுக்கு முன்பே நிற்கும். தமிழிலோ பயனிலை கடைசியில் வரும். 'தவிர' என்பதும் பட்டியல் முடிந்த பிறகே வரும். மலாய் அறிக்கையின் நீளத்தைக் குறைக்காமல் தமிழாக்கினால், அத்தனை ஊர்ப்பெயர்களையும் எதற்கென்று தெரியாமலே வாசகர் இறுதிவரை சுமக்க நேரிடுகிறது. நீண்ட வாக்கியமே கூடாதென்று நான் வாதிடவில்லை. எழுந்து, குளித்து, உண்டு, புறப்பட்டார் என வினையெச்சங்கள் வரிசையாக வந்தால் எவ்வளவு நீண்டாலும் விளங்கும்; பெயரெச்சத்துக்குள் பெயரெச்சமும் கூற்றுக்குள் கூற்றும் புகும்போதுதான் பொருள் தொலைகிறது. அத்தகைய வாக்கியத்தை உடையுங்கள்.

டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ பட்டங்களை ஒன்றுவிடாமல் அச்சிட இடமிருக்கும் பத்தியில் ஒரு முற்றுப்புள்ளிக்கு மட்டும் இடமில்லாமற்போவது வியப்பளிக்கிறது. பட்டம் விடுபட்டால் தொலைபேசி ஒலிக்கும். முற்றுப்புள்ளி விடுபட்டால் யார் அழைக்கப் போகிறார்கள்?

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. எப்பகுதியில், எந்நாளில், எத்தனை மணிவரை நீர் இராது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி முடித்துவிட்டு, காரணத்தையும் அறிவித்தவரின் பெயரையும் அடுத்துவரும் வாக்கியங்களில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த நீர்த்தடை அறிவிப்பிலேயே இதைத் தொடங்கினால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
குளுகோர், பினாங்கு