குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. பொங்கல் விழாவும் சுதந்திர தினக் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. மேல்நிலைத் தொட்டி இருமுறை கழுவப்பட்டது.

வீட்டிலேயே ரத்தச் சர்க்கரையைச் சோதித்துக் குறித்துவைக்கும் சர்க்கரைக் குறிப்பேட்டுத் திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சங்கப் பணத்தில் மூன்று குளுக்கோமீட்டர் (சர்க்கரை அளக்கும் கருவி) எதற்கு என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. நம்மில் பலர் மருத்துவரிடம் போகுமுன் மூன்று நாள் வாயைக் கட்டி, வெறும் வயிற்றில் ஒருமுறை சோதித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். ஒரு மூத்த உறுப்பினருக்கு அப்படித்தான் சர்க்கரை 118 (மி.கி./டெ.லி.) இருந்தது. வெண்பொங்கல் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 264! அது 180-க்குள் இருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c ஏன் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை என்பது அன்றுதான் அவருக்குப் புரிந்தது. இன்னொருவருக்கு 310, மாம்பழம் நறுக்கிய கை. கழுவித் துடைத்தபின் 142. விடியற்காலையில் வியர்த்து எழுந்த ஓர் அம்மையாருக்கு 58. எழுபதுக்குக் கீழே போனால் உடனே சர்க்கரைத் தண்ணீர், 15 நிமிடத்தில் மறுசோதனை என்று குறிப்பேட்டின் அட்டையில் ஒட்டியிருந்தேன். அவர் மகன் அதைப் பார்த்துச் செய்தார். இந்த ஒன்றுக்காகவே திட்டம் வேண்டும் என்பேன்.

ஆனால் பெயர் கொடுத்த 22 வீடுகளில் ஒன்பது குறிப்பேடுகளே திரும்பின. அவற்றிலும் மூன்று வெற்றுத்தாள். டப்பியை மூடாமல் வைத்ததில் ஈரம் ஏறி, ரத்தத் துளி வைத்துச் சோதிக்கும் 50 ஸ்ட்ரிப்கள் வீணாயின. விரலில் குத்தும் ஊசியை ஒருவருக்கு ஒன்றாக வையுங்கள், கணவன் மனைவிக்குள்ளும் மாற்றாதீர்கள் என்று எத்தனை முறை சொல்லியும் ஒரே ஊசி இருவர் விரல்களைக் குத்தியிருக்கிறது. சங்கம் நடத்திய சர்க்கரைப் பரிசோதனை முகாமுக்கு வராதவர்களின் கதவை நானே தட்டினேன். "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே" என்றார்கள். கால் மரத்துப்போகும் வரை, கண் மங்கும் வரை இந்த நோய் தொந்தரவு தராது என்பதுதான் என் கவலை.

வரவு செலவு ஏறக்குறைய சரியாக நிற்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. பதினான்கு வீடுகளின் சந்தா நிலுவை. ஸ்ட்ரிப் வாங்கியதில் ஒரு பகுதி என் கைப்பணம்.

தலைவர், பொருளாளர், முகாமுக்கு வந்த செவிலியர், நாற்காலி தந்த பந்தல்காரர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இளையவர் ஒருவர் இப்பொறுப்பை ஏற்றால் மகிழ்வேன். எவரும் முன்வராவிட்டால் நான் தொடரத் தயார். குறிப்பேடுகள் நிரம்பி வர வேண்டும், அவ்வளவுதான். இருக்கும் ஸ்ட்ரிப்கள் ஜூன் வரை போதும். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார்.

செயலாளர்