கல்லில் இல்லாத பெயர்

அன்பு நண்பனுக்கு, ஸ்தோத்திரம்.

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மா கம்பு இல்லாமல் நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே பெரியவள் பி.எட். முடித்துவிட்டாள், மழைதான் இல்லை, மற்றபடி சுகம். நம் கோயில் மணிக்கூண்டு பிரதிஷ்டை படங்களை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டிருந்தாய். அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

அந்த வேலைக்கு நன்கொடை கேட்டு மூன்று வருடம் நான் அலைந்தது உனக்குத் தெரியும், உன்னிடமும் வாங்கினேன். மும்பையில் இருப்பவர்கள், துபாயில் இருப்பவர்கள் என்று ஒருவர் விடாமல் போன் போட்டு, ராத்திரி உட்கார்ந்து ரசீது எழுதுவேன். பிரதிஷ்டை அன்று சபைப் போதகர் ஐயர் ஜெபித்துவிட்டுத் திரையை விலக்கினார். கறுப்பு கிரானைட், தங்க நிற எழுத்து. மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தேன், கீழிருந்து மேலாக ஒருமுறை. என் பெயர் இல்லை. அப்புறம் என்ன பாடினார்கள், என்ன பேசினார்கள், ஒன்றும் காதில் விழவில்லை. சாப்பாட்டுக்கும் நிற்காமல் கிளம்பியவன், வாசலில் செயலரைப் பிடித்து, பத்துப் பேர் பார்க்க, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் அவர்.

அதற்குப் பிறகு ஏழு ஞாயிறு நம் கோயில் பக்கமே போகவில்லை. டவுனில் வேறொரு சபையில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். வீட்டில் கேட்டதற்கு, நியாயம் வேண்டாமா என்றேன். இது பெருமை என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. "பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார்" என்ற வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் வேறு யாராவது ஒருவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

ஆகஸ்டில் மச்சினன் குடும்பத்தோடு டோனாவூர் போயிருந்தோம். அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895ல் இந்தியா வந்தவர், 1951ல் கண்மூடும் வரை சொந்த ஊர் திரும்பவே இல்லை. தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் மனசு கேட்காமல், பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை அங்கே வைத்தார்கள். அதன் முன்னால் நின்றேன். எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தவர் கல் வேண்டாம் என்றார், ரசீது எழுதின நான் கல்லுக்காக ஏழு வாரம் ஆண்டவரின் வீட்டையே விட்டு விலகியிருந்தேன். அழுதுவிட்டேன்.

அன்று ராத்திரி வேதத்தில் நாகமானின் கதையை எடுத்து வாசித்தேன். குஷ்டம் நீங்க யோர்தான் ஆற்றில் ஏழு தரம் முழுகு என்று தீர்க்கதரிசி சொன்னதும், கோபித்துக்கொண்டு திரும்பிப் போன படைத்தலைவன் அவன். தீர்க்கதரிசி பெரிய காரியத்தைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்வீர் அல்லவா என்று ஊழியக்காரர் அவனிடம் கேட்கிறார்களே, அது எனக்கே கேட்டது போல இருந்தது. லட்சக்கணக்கில் வசூலிக்கச் சொன்னால் ஓடுவேன், மன்னிப்புக் கேட்டு அந்தச் செயலர் வீட்டு வாசலில் போய் நிற்பதுதான் எனக்கு யோர்தான். மூன்று நாள் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். நாலாம் நாள் போனபோது அவர் திண்ணையில் பனியனோடு உட்கார்ந்து பேரனுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, அன்றைக்கு நான் பேசினது தப்பு" என்றேன். 'ஆனாலும்' என்று ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பென்சிலைக் கூராகச் சீவி முடித்துப் பேரன் கையில் கொடுத்த பிறகுதான் நிமிர்ந்தார். "லிஸ்ட் எழுதும்போது விட்டுப்போச்சு தம்பி, நானும் அன்னைக்கு ராத்திரி தூங்கல."

கல்லை மாற்றிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஆனால் கேள், அப்படிச் சொன்ன நிமிஷமே, நான் வேண்டாம் என்றது நாலு பேருக்குத் தெரிய வேண்டும் என்று உள்ளே ஓர் ஆசை தலைதூக்கியது. இதை உனக்கு எழுதுகிற இந்த நேரத்திலும் அது என்னிடம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால் எனக்காக ஜெபம் பண்ணு, பேருக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

அடுத்த மாதம் அசனம், நம் கோயில் விருந்து. எப்போதும் பந்தல் வாசலில் நின்று வரவேற்கிறவன் நான். இந்தத் தடவை முந்தின ராத்திரி அண்ணாச்சியோடு உட்கார்ந்து காய் நறுக்குகிறேன் என்று சொல்லிவிட்டேன். லீவு கிடைத்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, உனக்கும் ஒரு அரிவாள்மனை எடுத்து வைக்கிறேன்.

உன் நண்பன்