புள்ளி மறைந்த திங்கட்கிழமை

லைப்சிக்

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு, ஸ்தோத்திரம்.

நான் எங்கே இருக்கிறேன் என்று உங்கள் போன் மேப்பில் காட்டும் புள்ளி திங்கள் ராத்திரி காணாமல் போனதும் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறீர்கள். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன், மனசு வரவில்லை. நான்தான் அணைத்தேன்.

லைப்சிக் என்றால் உங்களுக்கு நம் சபைக்கு ஆள் அனுப்பிய மிஷன்தான் ஞாபகம் வரும். இந்த ஜெர்மன் ஊர்க்காரர்களுக்கு நிக்கோலாய் கோவில். அங்கேதான் போயிருந்தேன். தூண்களின் உச்சியில் பச்சை ஓலை விரிந்திருக்கிறது அப்பா, ஒரு நிமிஷம் தரங்கம்பாடியில் பனைக்குக் கீழே நிற்பதுபோல இருந்தது. 1982 முதல் திங்கள்தோறும் மாலை ஐந்து மணிக்கு அங்கே சமாதான ஜெபம். கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்ட் ஆட்சியிலும் கோவில் எல்லாருக்கும் திறந்தே இருந்தது. உளவு பார்க்க வந்தவர்களும் அதே வாசலில் நுழைந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து வந்தவர்களோடு சுமார் 70,000 பேர் ஆட்சியை எதிர்த்துத் தெருவில் நடந்தார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

என் வார்டில் இருக்கும் மூத்த நர்சுக்கு அப்போது 17 வயசு. அவருடைய அம்மா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாராம். சுடுவார்கள் என்று ஊரே பேசிய நாள் அது. "அம்மா மேல் தப்பில்லை" என்கிறார். ஆனாலும் அந்தச் சாவியை அவர் இன்னும் மறக்கவில்லை.

உளவுத்துறை இருந்த கட்டடம் மியூசியமாகிவிட்டது. அந்த இலாகாவுக்குப் பெயரே அரசுப் பாதுகாப்பு அமைச்சகம். நம் வீட்டு ஊறுகாய் ஜாடி மாதிரி கண்ணாடி ஜாடிக்குள் ஒரு மஞ்சள் துணி. சந்தேகப்பட்ட ஆளின் வாசனையாம், நாய்க்கு மோப்பம் காட்ட!

உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை அப்பா. ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே நடை மாறிவிடுகிறது. டூட்டி முடிந்து பூங்கா வழியாகச் சுற்றிப் போக ஆசை வரும். அப்பா கேட்பாரே என்று நேரே வீட்டுக்கு வந்துவிடுவேன்.

சங்கீதம் 139-ஐ எடுப்பீர்கள், தெரியும். கர்த்தர் நம் உட்காருதலையும் எழுந்திருக்குதலையும் அறிவார், சரி. அதே கர்த்தரைப் பற்றி இயேசு சொன்ன கதையில், இளைய மகன் பங்கைக் கேட்டதும் தகப்பன் கொடுத்தனுப்பினார். பின்னாலேயே வேலைக்காரனை அனுப்பவில்லை. பன்றி மேய்க்கும் வரை போனானே என்பீர்கள். போனான்தான். அந்தப் பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவன் தூரத்தில் வரும்போதே அவர் கண்ணில் பட்டுவிட்டான்.

இங்கே ஆறு வயசுப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு தானே பள்ளிக்கூடம் போகிறது. தெருவில் வண்டியே இல்லாவிட்டாலும் பச்சை விளக்கு வரும்வரை அசையாமல் நிற்கிறது. முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது நானும் பக்கத்தில் நிற்கிறேன்.

நைட் டூட்டி முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு மெசேஜ் போடுவேன். வராவிட்டால் கூப்பிடுங்கள், எத்தனை தடவை என்று எண்ணமாட்டேன். அப்புறம், தங்கச்சி ஹாஸ்டலுக்குப் போகும்போது அவளைக் கேட்காமல் அவள் போனில் இந்த மேப் புள்ளியைப் போடாதீர்கள். சபை ஐயருக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அம்மாவை மோர்மிளகாய் போடச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்