கோட்டையும் கோபன்ஹேகனும்

அன்புள்ள மகளுக்கு,

கிறிஸ்தவம் பரப்ப வந்த பாதிரியார் சீகன்பால்கை அனுப்பியது நீ இருக்கும் டென்மார்க் நாட்டு ராஜாவா என்று போனில் கேட்டாய். ஆமாம், நான்காம் பிரெடரிக்தான். ஆனால் சீகன்பால்க் ஜெர்மானியர். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது 24 வயதுகூட நிரம்பவில்லை.

ராஜா அனுப்பினாலும் ஊர் டேனிஷ் கம்பெனியின் கையில் இருந்தது. மதம் பேச வந்தவர் வியாபாரத்தைக் கெடுத்துவிடுவார் என்று கம்பெனிக்குப் பயம். தளபதி ஹாசியஸ் முகம் கொடுத்தே பேசவில்லை. 1708-இல் ஒரு தமிழ்க் கைம்பெண்ணின் கடன் வழக்கில் பரிந்து பேசப்போய், டான்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாதம் அடைபட்டார். எழுத மையும் காகிதமும் தரவில்லை. திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகியவருக்கு அந்தத் தண்டனை!

எல்லோரும் இந்தச் சிறைக் கதையோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கென்னவோ ஹாசியஸ் பெரிதாகப் படவில்லை. எதிரி, எதிரியின் வேலையைச் செய்தார். சீகன்பால்கை நொறுக்கியவர்கள் அவருக்கு வேண்டியவர்கள்தாம்.

நம் தெய்வங்களைப் பற்றி விசாரித்து விரிவாக ஒரு நூல் எழுதி 1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். பொய்த் தெய்வங்கள் என்றுதான் அவரும் எழுதினார். அதில் எனக்கு அவரோடு சண்டை உண்டு. ஆனாலும் கேட்டு எழுதியவர். ஹாலேவில் இருந்து மிஷனுக்கு ஆதரவு தந்த பிராங்கேயோ, அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று ஒதுக்கிவிட்டார். அது அச்சேற 1867 ஆயிற்று, அதுவும் சென்னையில்.

ஹாலேவில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. இங்கேயே சிறிதாக வார்த்தார்கள். அதற்கு ஈயம் இங்கிலாந்துப் பாலாடைக்கட்டியின் உறைகளை உருக்கிக் கிடைத்தது. 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. பொறையாறில் காகித ஆலையும் வைத்தார்கள்.

கடைசி அடி உன் ஊரிலிருந்துதான் வந்தது. கோபன்ஹேகன் மிஷன் செயலாளர் வெண்ட், மிஷனரி அப்போஸ்தலரைப் போல வெறுங்கையோடு அலைய வேண்டும், பள்ளியும் கட்டடமும் எதற்கு என்று கடிதத்தில் குத்தினார். கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து வந்த ஏச்சு! தரங்கம்பாடியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718 அக்டோபரில்தான் திறந்திருந்தது. உடம்பு முன்பே கெட்டிருந்தது. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில், போய்விட்டார். அந்த ஆலயத்திலேயே புதைத்தார்கள். துணை நின்ற சக மிஷனரி கிருண்ட்லரும் மறு வருடமே போனார்.

விடுமுறையில் ஹாலேவுக்குப் போவதாகச் சொன்னாயே, பிராங்கே நிறுவனத்தில் தரங்கம்பாடி ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. காட்டுவார்களா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள். கம்பளிக் கையுறையை மறக்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா