கோமதிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மருமகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பகலெல்லாம் பேரன் என்னிடம்தான்.

டாஸ்மாக் கடையை அகற்றச் சொல்லி உங்கள் தெருப் பெண்கள் மனு கொடுத்ததையும், "இவர்கள் கேட்டா மூடப்போகிறார்கள்?" என்று உன் தம்பி சொன்னதையும் எழுதியிருந்தாய். எனக்குக் கோபமே வந்துவிட்டது. 1921-இல் ஈரோட்டில் பெரியாரின் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் முன்னால் நின்றதை அவனுக்கு நினைவூட்டு. அதைவிட முக்கியமாக ஆந்திரத்து நெல்லூர்க் கதையைச் சொல்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி வகுப்புகள் நடந்தன. பகலெல்லாம் கூலி வேலை செய்த பெண்கள் இரவில் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். சாராயக் கடையை மூடவைத்த பெண்களைப் பற்றிய பாடமும் அதில் இருந்தது. தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் தங்கள் ஊர்க் கடையை மூடவைத்தார்கள். அந்தச் செய்தி ஊர் ஊராகப் பரவியது. துடைப்பமும் மிளகாய்ப்பொடியுமாகக் காவல் நின்றார்கள். சாராயக் கடை ஏலத்தையே நடத்தவிடாமல் தடுத்தார்கள். எழுத்தறிவைவிட, அன்றாடம் ஒன்றாக உட்கார்ந்து பேச ஓர் இடம் கிடைத்ததுதான் அவர்களுக்குப் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன். கணவன் கூலியைக் குடித்துத் தீர்ப்பதும் அடிப்பதும் தன் தலைவிதி என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள். எல்லா வீட்டிலும் அதே கதை என்பது அங்கேதான் தெரிந்தது.

1993 அக்டோபரில் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-இல் என்.டி.ராமராவ் முழு மதுவிலக்கு கொண்டுவந்தார். முன்பு அவருடைய ஆட்சியில்தான் பாக்கெட் சாராயம் கிராமங்களுக்குள் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. 1997-இல் வருமானத்தைக் காரணம் காட்டி மற்ற மதுவகைகளை மீண்டும் அனுமதித்தார்கள். அதைப் பெண்களின் தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கடையை மூடினார்கள். கஜானாவுக்கு வேறு வழி தேடவேண்டியது அரசு. சட்டம் வந்ததும் அந்தப் பெண்களிடம் யோசனை கேட்பதையே விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அதனால், மனுவோடு நிறுத்திவிட வேண்டாம் என்று உங்கள் தெருப் பெண்களிடம் சொல். வாரம் ஒருமுறை உன் வீட்டுத் திண்ணையில் கூடட்டும். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவருவதானால் வாசகத்தை எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன். உன் தம்பியும் அதில் கையெழுத்துப் போடட்டும்.

அன்புடன்,
சரஸ்வதி